நூற்றியோராவது தையல் மெசின்

பீலெஃபெல்ட் தமிழர்களுக்கு நான் பன்னிரண்டு வருடம் வாயாக இருந்தேன். வெளிநாட்டவர் அலுவலகம், வேலைவாய்ப்பு அலுவலகம், பள்ளிக்கூடம், பல் வைத்தியர் என்று எங்கே டெர்மின், அதாவது சந்திக்க நேரம், கிடைத்தாலும் "பீலிக்ஸைக் கூட்டிக்கொண்டு போ" என்பார்கள். மன்னாரில் பாதிரிமாருக்குத் தட்டச்சு செய்து பழகிய கையும், மற்றவர்களை விடக் கொஞ்சம் முந்தி ஜெர்மன் மொழியைப் பிடித்துக்கொண்ட நாக்கும்தான் என்னுடைய முதல். கூலி பெரும்பாலும் ஒரு தேத்தண்ணியும் இரண்டு வடையும்.

இத்தனை வருடத்தில் நான் மொழிபெயர்த்ததில் முக்கால்வாசி கெஞ்சல். தயவுசெய்து, மன்னிக்க வேண்டும், இன்னும் ஒரு மாதம் தவணை தர முடியுமா. கெஞ்சிக் கெஞ்சி என் குரலே ஒரு மாதிரி குனிந்து போயிருந்தது. கமலநாயகி ஒருத்திக்காகத்தான் அதை நிமிர்த்த வேண்டி வந்தது. அதனால் அவளைப் பற்றி எழுதுகிறேன். சங்கத் தலைவர்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வருடா வருடம் மலரும் அச்சடிக்கிறார்கள்.

கமலநாயகி பண்டத்தரிப்புக்காரி. எண்பத்தைந்தில் கிழக்கு பேர்லின் வழியாக வந்து, அசூல் என்ற அகதித் தஞ்சம் கிடைத்து, பீலெஃபெல்ட்டில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் சேட்டுக் கொலர் தைக்கும் வேலையில் சேர்ந்தாள். பத்து வருடம் நாற்பத்தேழாம் இலக்க மெசின். பக்கத்து மெசினில் கோம்ஃபோர்ட் என்ற கானா நாட்டுப் பெண். இரண்டு பேரும் உடைந்த ஜெர்மனில் கதைத்து, ஒருத்தியின் உறைப்பை மற்றவள் தின்று பார்த்து, நல்ல சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். தொண்ணூற்றைந்து ஒக்டோபரில் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, சேட்டுத் தைக்கும் வேலையைக் கூலி குறைந்த நாட்டுக்குக் கொண்டு போவதாகச் சொன்னார். கமலநாயகிக்கு விலகல் பணமாக ஒன்பதாயிரம் மார்க் கிடைத்தது.

வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நான்தான் கூடப் போனேன். அங்கிருந்த பெண்மணி கோப்பைத் திறக்க முன்னமே ஒரு தாளை நீட்டினார். அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலை.

"சொல்லுங்கோ அண்ணை," என்றாள் கமலநாயகி. "நான் தையல்காரி. கக்கூசு கழுவ இஞ்ச வரேல்லை எண்டு சொல்லுங்கோ."

நான் தொண்டையைச் செருமி, இவர் வேறு வாய்ப்புகளைப் பற்றியும் அறிய விரும்புகிறார் என்று ஜெர்மனில் சொன்னேன். கமலநாயகி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணை, நான் சொன்னது உது இல்லை."

பிறகு அவளே மேசையில் கை ஊன்றி, "நைன். இஷ் நேயன்," என்றாள். இல்லை, நான் தைப்பவள். இலக்கணம் பிழை. ஆனால் விளங்காமல் போக வழியே இல்லை. எனக்கு அன்று சரியான கோபம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் துப்புரவு வேலைதான் செய்தார்கள், அதில் என்ன குறைச்சல் என்று வரும் வழி முழுக்கப் புறுபுறுத்தேன். "குறைச்சல் இல்லை அண்ணை," என்றாள். "ஆனா என்ர முகத்தைப் பாத்தோடனை அந்தத் தாள்தானே கைக்கு வருது. அதுதான் எனக்கு ஏலாது."

இனி மெசின் கதை. தொழிற்சாலையில் இருந்த நூற்றி எண்பது மெசின்களையும் முதலாளி பழைய இரும்பு வாங்குபவனுக்குக் கொடுக்கப் போகிறார் என்று கோம்ஃபோர்ட் அறிந்து வந்தாள். நல்ல ஓட்டமுள்ள மெசின்கள், மோட்டாரும் மேசையும் சேர்த்து. கோம்ஃபோர்டின் மாமி, மேடம் ஒசேய், குமாசி நகரத்தில் தையல் பள்ளிக்கூடம் நடத்துகிறார். முப்பது பெட்டைகளுக்கு எட்டு மெசின். படித்து முடிப்பவர்களுக்குத் தவணைக்கு மெசின் விற்பதும் அவர் தொழில். நூறு மெசின் கொண்டு வந்தால் நூறையும் எடுப்பேன் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

சாமான் இங்கே, காசு அங்கே. யார் முதலில் கையை நீட்டுவது? முற்பணம் அனுப்ப மேடம் ஒசேய் மாட்டார். இரண்டு வருடத்துக்கு முன் ஹம்பேர்க்கில் ஒரு ஜெர்மன்காரனுக்கு நாற்பது மெசினுக்குப் பணம் அனுப்பி, கப்பலில் வந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே துருப்பிடித்த சைக்கிள்கள். காசு வராமல் சாமான் ஏற்றக் கமலநாயகியும் ஆயத்தமில்லை. ஆபிரிக்காக்காரன் ஏமாற்றுவான் என்று அவளுக்கு எல்லோரும் ஓதினார்கள். ஐரோப்பாக்காரன் ஏமாற்றுவான் என்று அவருக்கு அங்கே எல்லோரும் ஓதினார்களாம். ஓதியவர்களில் ஒருவரும் மற்றப் பக்கத்து ஆளை நேரில் கண்டதில்லை.

அதற்குத்தான் அக்ரெடிடீவ் என்ற ஒன்று இருக்கிறது. நான் நூலகத்தில் இருந்து புத்தகம் எடுத்து வந்து படித்து, கமலநாயகிக்குத் தமிழில் சொன்னேன். வாங்குபவர் தன் வங்கியில் முழுப் பணத்தையும் கட்டுகிறார். வங்கி ஒரு கடிதம் எழுதுகிறது: இன்ன சாமான், இத்தனை, இன்ன திகதிக்குள் கப்பல் ஏறியதாகக் காகிதங்கள் வந்தால் விற்றவருக்கு இவ்வளவு தருவோம். வங்கிக்காரர் சாமானைப் பார்ப்பதில்லை. காகிதத்தை மட்டும்தான் பார்ப்பார்கள்.

"நல்லது," என்றாள். "காகிதத்திலை பொய் எழுதாட்டில் சரிதானே?"

ஓம் என்றேன். அந்த ஓமை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கம்.

அவள் சம்பளம் போட்டு வந்த வங்கியிலேயே கேட்டோம். கீழே இருந்த பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை, மூன்றாம் மாடிக்கு அனுப்பினான். அங்கே வெளிநாட்டுப் பகுதியில் லூக்கெ என்று ஒருவர், ஐம்பத்தைந்து வயது, கூராகச் சீவிய பென்சில். எங்களை இருக்கச் சொல்லிவிட்டு, கமலநாயகி புதிதாக எடுத்திருந்த வியாபாரப் பதிவுச் சான்றிதழை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகவும் பார்ப்பாரோ என்று நினைத்தேன்.

"கடிதம் வந்தால் உங்களிடம் தருவோம். உங்கள் காகிதங்களை அங்கே அனுப்புவோம். அவ்வளவுதான். பணத்துக்கு எங்கள் வங்கி பொறுப்பு நிற்காது. ஆபிரிக்காவுக்கு எங்கள் கையெழுத்து இல்லை," என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்க முன்னமே கமலநாயகி சொன்னாள்: "என்ர கையெழுத்து இருக்கு. ஒசேய் அக்கான்ர கையெழுத்து இருக்கு. அது காணும், போதும் எண்டு சொல்லுங்கோ."

இந்த முறை சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. லூக்கெ பென்சிலைக் கீழே வைத்தார்.

இனி முதல் வேண்டும். இரும்புக்காரனுக்குப் பதிலாக எங்களுக்குத் தர முதலாளி கேட்ட விலை மெசின் ஒன்றுக்கு நூற்றி அறுபது மார்க், நூறுக்குப் பதினாறாயிரம். கப்பல் கூலியும் லொறியும் ஐயாயிரம் வரும். கையில் ஒன்பதாயிரம். மிச்சத்துக்குச் சீட்டை எடுத்தாள். முப்பது பேர் சேர்ந்து மாதம் ஐந்நூறு கட்டும் சீட்டு, அதை நடத்தியவர் தம்பித்துரை அண்ணை. மூவாயிரம் கழிவு விட்டுப் பன்னிரண்டாயிரத்துக்கு எடுத்தாள். எடுத்த பிறகு ஒரு மாதம் கட்டத் தவறினாலும் முப்பது வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். கணவன் சிறீதரன் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. அதிகம் பேசாத மனிதன். "செய்யிறதெண்டால் செய். பேந்து என்னட்டை வராதை," என்றான். "வரமாட்டன்," என்றாள். அவர்கள் வீட்டில் அதுவே பெரிய உரையாடல்.

விஷயம் ஒரு பிறந்தநாள் விழாவில் பரவியது. வாடகை மண்டபம், கேக் வெட்டியாகிவிட்டது, ஆண்கள் ஒரு மூலையில். தம்பித்துரை அண்ணை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"என்ன பிள்ளை, காப்பிலியளோட யாவாரமாம்? சீட்டுக் காசைக் கொண்டு போய்க் கடல்லை கொட்டுறதுக்கோ எடுத்தனீர்?"

கறுப்பரை இழித்துச் சொல்லும் அந்தச் சொல்லுக்கு மூலை முழுக்கச் சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும். கமலநாயகி கையில் இருந்த கேக் தட்டை மேசையில் வைத்தாள்.

"அண்ணை, உங்களை பஸ்ஸிலை என்னெண்டு சொல்லுறாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? போன மாசம் நான் பின்சீற்றிலை இருந்தனான், எனக்குக் கேட்டது. நீங்கள் விளங்காத மாதிரி யன்னலுக்கு வெளியாலை பாத்தனீங்கள். அந்தச் சொல்லும் நீங்கள் இப்ப சொன்ன சொல்லும் ஒண்டுதான்."

தம்பித்துரை அண்ணைக்குக் காது சிவந்து போனது. சீட்டுக் காசு மாதம் முதலாம் திகதி வர வேணும் என்று மட்டும் சொன்னார். வரும் என்றாள்.

தொண்ணூற்றாறு மார்ச்சில் கானாத் தலைநகர் அக்ராவில் இருந்த மேடம் ஒசேயின் வங்கியில் இருந்து கடிதம் வந்தது. நூறு தையல் மெசின்கள், முப்பத்திரண்டாயிரம் மார்க், மே முப்பத்தோராம் திகதி வரை செல்லும். கானா அரசாங்கத்தின் விதிப்படி, கப்பல் ஏற முன் ஒரு பரிசோதகர் வந்து சாமானைப் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். ஒரு இளைஞன் வந்தான், நூறையும் எண்ணினான், பத்தை ஓட்டிப் பார்த்தான், போய்விட்டான். அடுத்த நாள் காலை கப்பல் பெட்டி வந்தது. கமலநாயகி, கோம்ஃபோர்ட், நான், இரண்டு தூக்குக்காரர்கள். மத்தியானத்துக்குள் நூறும் ஏறிவிட்டன.

அப்போது கமலநாயகி தொழிற்சாலைக்குள் போய், இன்னொரு மெசினைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தாள். நாற்பத்தேழாம் இலக்கம். அவளே தனியாகக் காசு கொடுத்து வாங்கி, துடைத்து, எண்ணெய் விட்டு, தலையில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்திருந்தாள்.

"இது ஒசேய் அக்காக்கு. சும்மா. நூறெண்டு முடிக்கக் கூடாது அண்ணை. ஒண்டு கூட வைச்சாத்தான் பெருகும்."

"அது சரிதானே," என்றேன் நான். சொன்னவன் யார்? அந்த அக்ரெடிடீவை வரி வரியாகத் தமிழில் சொல்லிக் கொடுத்தவன். எனக்கு உறைக்கவே இல்லை. எப்படி உறைக்கும்? கலியாண வீட்டு உறையில் நூறு வைக்கும் தமிழனை நான் கண்டதில்லை. வேதக்காரரும் நூற்றியொன்றுதான் வைப்போம், சைவக்காரரும் நூற்றியொன்றுதான். பெட்டி மூடியதும் தட்டச்சு இயந்திரத்தைத் தொழிற்சாலை மேசையில் வைத்து, "லிஸ்ற்றிலை எத்தினை எண்டு போட?" என்று கேட்டேன். "எத்தினை ஏறினதோ அத்தினை," என்றாள். நூற்றியொன்று, அதில் ஒன்று விலையின்றி, என்று அழகாகத் தட்டினேன். கப்பல்காரரும் நூற்றியொன்று என்று எழுதினார்கள். மே எட்டாம் திகதி கப்பல் ஹம்பேர்க்கை விட்டுத் கானாவின் தேமா துறைமுகத்துக்குப் புறப்பட்டது.

பதினான்காம் திகதி காகிதங்களை லூக்கெயிடம் கொண்டு போனோம். கமலநாயகி நீலச் சேலை உடுத்தியிருந்தாள். லூக்கெ பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் பென்சில் நின்றது. திரும்ப மேலே போனது. திரும்பக் கீழே வந்தது.

"கடிதத்தில் நூறு. பரிசோதகரின் சான்றிதழில் நூறு. உங்கள் பட்டியலில் நூற்றியொன்று. கப்பல் பத்திரத்தில் நூற்றியொன்று. எண்ணும்போது பிழை விட்டுவிட்டீர்களா?"

பிழை இல்லை, வேண்டுமென்றே வைத்தது என்றேன். ஏன் என்று கேட்டார். நான் விளக்கினேன்: நூறில் முடித்தால் அதோடு முடிந்துவிடும், ஒன்று கூட்டினால் தொடரும், எங்கள் வழக்கம்.

லூக்கெ கண்ணாடியைக் கழற்றினார். "பிழையாக எண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதையாவது என்னால் விளக்க முடியும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. விதிப்புத்தகத்தை எடுத்து எங்களுக்கே காட்டினார். அரிசி மாதிரி நிறுத்து அனுப்பும் சாமான் என்றால் ஐந்து வீதம் கூடலாம், குறையலாம். எண்ணி அனுப்பும் சாமான் ஒன்றுகூட அதிகமாக இருக்கக் கூடாது. இலவசம் என்றாலும் கூடாது. காகிதங்கள் பிசகினால் அக்ரா வங்கி பணம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

"அப்ப அரிசிக்கு இரக்கம் காட்டுவினம், மெசினுக்குக் காட்டமாட்டினமோ?" என்றாள் கமலநாயகி. அதையும் மொழிபெயர்த்தேன். லூக்கெ சிரிக்கவில்லை. காகிதங்களைப் பிசகோடு அப்படியே அனுப்பலாம், வாங்குபவர் சம்மதித்தால்தான் பணம் வரும் என்றார்.

படியில் இறங்கும்போது என் பழைய புத்தி வேலை செய்தது. "தங்கச்சி, நான் நூறெண்டு புதுசா ஒரு லிஸ்ற் அடிச்சுத் தாறன். கப்பல்காரரிட்டையும் கெஞ்சிக் கேட்டு மாத்திப் போடலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். "தேமாவிலை பெட்டியைத் திறக்கேக்கை உள்ளுக்கை நூற்றியொண்டு நிக்கும். கடதாசியிலை நூறு. சுங்கக்காரன் ஆரைப் பிடிப்பான்? ஒசேய் அக்காவை. ஏற்கெனவே ஒருத்தன் அவவுக்குப் பொய்க் கடதாசி குடுத்தவன். நானும் குடுக்கவோ? நான் ஏத்தினது நூற்றியொண்டு. அப்படியே போகட்டும்."

காகிதங்கள் அப்படியே போயின. அன்றிலிருந்து எனக்கு நித்திரை கெட்டது. பெட்டி தேமாவில் இறங்கி, எடுக்க ஆளில்லாமல் கிடந்தால் நாள் வாடகை ஏறும். ஒரு மாதம் கிடந்தால் மெசின் விலையைத் துறைமுகமே தின்றுவிடும். கோம்ஃபோர்ட் குமாசிக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தாள். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. அடுத்த நாள் மணியே அடிக்கவில்லை.

அந்தக் கிழமையில்தான் வேலைவாய்ப்பு அலுவலகத்துக் கடிதமும் வந்தது. ஜூன் மூன்றாம் திகதி திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலைக்குப் போக வேண்டும். மறுத்தால் கொடுப்பனவை நிறுத்துவார்கள். கமலநாயகி அதைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டி வைத்தாள். "காசு வந்தால் கிழிக்கிறன். வராட்டில் போறன். சீட்டுக் காசு கட்டத்தானே வேணும்," என்றாள். சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் பயந்ததை நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

இருபத்து மூன்றாம் திகதி லூக்கெ கூப்பிட்டார். அக்ரா வங்கி காகிதங்களை ஏற்க மறுத்துவிட்டது, வாங்குபவரின் முடிவுக்காக வைத்திருக்கிறது. லூக்கெ குரலைத் தாழ்த்தி, ஒரு தகப்பன் மாதிரிச் சொன்னார்: "இருபத்தாறு வருடமாக இதைப் பார்க்கிறேன். இப்படிப் பிசகு வந்தால் வாங்குபவர்கள் விலை குறைக்கக் கேட்பார்கள். அவர் கேட்க முன்னமே நீங்கள் பதினைந்து வீதம் குறைத்துவிடுங்கள். மிச்சமாவது வரும்."

பதினைந்து வீதம் என்றால் நாலாயிரத்து எண்ணூறு மார்க். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கெஞ்சிப் பழகியவனுக்குக் குறைத்துக் கொடுப்பது எப்போதும் நல்ல யோசனைதான்.

கமலநாயகி எழும்பி நின்றாள். "நான் கூடக் குடுத்தனான். கூடக் குடுத்ததுக்குக் குறைக்கவோ? உலகத்திலை எங்கையாவது இப்பிடி ஒரு ஞாயம் இருக்கோ எண்டு இந்த மனிசனைக் கேளுங்கோ. ஒரு மார்க்கும் குறைக்கமாட்டன். நான் பிழை செய்யேல்லை."

நான் கேட்டேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டேன். லூக்கெ உங்கள் விருப்பம் என்று கோப்பை மூடினார்.

பிறகு பெந்தெகொஸ்தே விடுமுறை வந்து திங்கட்கிழமையும் வங்கி பூட்டு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் என்னால் ஒரு செபமும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. பூசை முடிய வெளியே தம்பித்துரை அண்ணை நின்றார். சைவக் கோயிலுக்குப் போகிறவர், தேவாலய வாசலில் என்ன வேலை?

"என்ன பீலிக்ஸ், கப்பல் மூழ்கிப்போச்சுதாமே?"

"கப்பல் மிதக்குது அண்ணை. உங்கட காசு முதலாம் திகதி வரும்," என்றேன். எங்கிருந்து எனக்கு அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. உண்மையில் என் வங்கிப் புத்தகத்தில் அப்போது அறுநூறு மார்க் இருந்தது, அதை நினைத்துத்தான் சொன்னேன். கமலநாயகிக்கு இது தெரிந்தால் என் தோலை உரித்திருப்பாள்.

மே முப்பதாம் திகதி வியாழக்கிழமை. காலையிலேயே லூக்கெ தொலைபேசி எடுத்தார், இரண்டு பேரும் வர முடியுமா என்றார். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. நாங்கள் மூன்று மாடியும் ஏறினோம். கமலநாயகி அன்று சேலை உடுத்தவில்லை, வீட்டு உடுப்போடு ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

லூக்கெ ஒரு தந்தித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இருங்கள் என்றுகூடச் சொல்லாமல் வாசித்தார். வாங்குபவர் காகிதங்களை உள்ளபடி ஏற்றுக்கொள்கிறார். முழுத் தொகையான முப்பத்திரண்டாயிரம் மார்க்கும் அனுப்பப்படுகிறது. அதோடு நிற்காமல் அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு வரியையும் வாசித்தார். "மேலே வைத்ததற்கு நன்றி என்று விற்றவரிடம் சொல்லும்படி வாங்குபவர் கேட்டுக்கொள்கிறார்."

"இப்படி ஒரு வரியை வங்கித் தந்தியில் நான் கண்டதில்லை," என்றார் லூக்கெ. "இதற்கு என்ன அர்த்தம்?"

அர்த்தம் எங்களுக்கும் அப்போது முழுதாகத் தெரியாது. இரவு கோம்ஃபோர்ட் வந்து சொன்னாள். மாமி தொலைபேசிக்கு வராததற்குக் காரணம், அவர் குமாசியில் இருந்து பஸ் பிடித்து அக்ராவுக்குப் போய், வங்கி வாசலில் குந்தியிருந்ததுதான். அங்கே இருந்த வங்கிக்காரனும் அவருக்கு அதே புத்திதான் சொன்னானாம்: அம்மா, காகிதத்தில் பிசகு இருக்கிறது, மறுத்துவிடுங்கள், விற்றவள் பயந்து விலையைக் குறைப்பாள், இது உங்கள் உரிமை. என்ன பிசகு என்று மேடம் ஒசேய் கேட்டிருக்கிறார். ஒன்று கூட இருக்கிறது என்றானாம்.

"மாமி சத்தம் போட்டவவாம்," என்று கோம்ஃபோர்ட் சொன்னதைத் தமிழில் எனக்குச் சொன்னாள் கமலநாயகி. "நீ எந்தச் சந்தையிலை வளந்தனி எண்டு அவனைக் கேட்டவவாம். அவவின்ர தாய் தக்காளி வித்தவவாம். நாலு குவியல் வாங்கினால் மேலை ஒண்டு வைக்கவேணும், வைக்காதவளிட்டை ஒருத்தரும் திரும்பப் போகாயினமாம். ஐரோப்பாவிலை இருந்து மேலை ஒண்டு வைச்சு அனுப்பின முதல் ஆள் இவள்தான், இவளிட்டையோ விலை குறைக்கச் சொல்லுறாய் எண்டு பேசினவவாம்."

சொல்லி முடிக்கும்போது கமலநாயகி அழுதுகொண்டிருந்தாள். கோம்ஃபோர்ட்டும் அழுதாள். சிறீதரன் குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த துப்புரவு வேலைக் கடிதத்தை எடுத்து, நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டான். அந்த மனிதன் மேல் எனக்கு அன்றுதான் மரியாதை வந்தது.

முதலாம் திகதி காலை தம்பித்துரை அண்ணையின் கையில் ஐந்நூற்றியொரு மார்க் வைத்தாள். ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். "வைச்சிருங்கோ அண்ணை, பெருகும்," என்றாளாம்.

ஜூலையில் அடுத்த ஓடர் வந்தது. மேடம் ஒசேய்க்கு இருநூறு மெசின் வேண்டும். தொழிற்சாலையில் மிச்சம் இருந்தவை போதாது, எசன் பக்கம் மூடிய இன்னொரு தையல் ஆலையில் பேசி வைத்தாள். லூக்கெயிடம் போனபோது அவர் முதல் வேலையாகச் சொன்னது, "இந்த முறை இருநூறு என்றால் சரியாக இருநூறு அனுப்புங்கள், ஒரு தொந்தரவும் இல்லை."

நானும் சொன்னேன், "அந்த மேலதிகமான ஒண்டை விட்டிடுமன் தங்கச்சி."

"ஏன் விட? அவையின்ர கடதாசியிலை அதுக்கு இடமில்லையெண்டால் இடம் விடச் சொல்லுங்கோ. நானும் ஒசேய் அக்காவும் கதைச்சிட்டம்."

ஓகஸ்ட் நடுப்பகுதியில் புதிய அக்ரெடிடீவ் வந்தது. லூக்கெ அதை மேசையில் விரித்து, சாமான் விபரத்தைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். இருநூறு தையல் மெசின்கள். அதன் மேல் ஒன்று, விலையின்றி. பரிசோதகர் எண்ண வேண்டியது இருநூற்றியொன்று. அக்ராவில் ஒரு வங்கி அதைத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, ஜெர்மனியில் இன்னொரு வங்கி அதைக் கோப்பில் போட வேண்டி வந்தது. லூக்கெ அந்த வரிக்குப் பக்கத்தில் சின்னதாகச் சரி போட்டார்.

பிறகு அவர் கதிரையில் சாய்ந்து, இம்முறை ஒரு நல்ல செய்தி இருப்பதாகச் சொன்னார். மேலிடத்தில் பேசியிருக்கிறார். ஒன்றரை வீதக் கட்டணத்துக்கு அவருடைய வங்கியே இந்தக் கடிதத்தில் கையெழுத்து வைத்து, பணத்துக்குப் பொறுப்பு நிற்கத் தயார். அக்ரா தராவிட்டாலும் நாங்கள் தருவோம் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது.

நான் அதைக் கமலநாயகிக்குச் சொன்னேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"பெரிய உபகாரம், வேண்டாமெண்டு சொல்லுங்கோ அண்ணை. கையெழுத்துத் தேவைப்பட்ட நேரம் இவை வைக்கேல்லை. இப்ப எனக்கு ஒசேய் அக்கான்ர கையெழுத்துக் காணும்."

லூக்கெ என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் குறைக்காமல், குரலையும் தாழ்த்தாமல், மொழிபெயர்த்தேன்.